நெருப்பு கக்கிய விண்கப்பலும் ஓர் ஐந்தாம் வகுப்பு ஓவியமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வழக்கம்போல காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கடைசிவரை படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கடைசியில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது.

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் ஊருக்குத் திரும்பும்போது ஒரு படக்கதைப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போய்விட்டான். ஆங்கிலப் புத்தகம். பெயர் ‘ஸ்டார் ட்ரெக்: வேபாயிண்ட்’. இரும்புக்கை மாயாவியோடு என் படக்கதை ஞானம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மத்தியானத்தில் தூக்கம் வராத ஒரு நாள், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். ஒரு கதை புரியவில்லை என்று பேரனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்ன பதிலில் இருந்துதான் இந்தப் பதிவு பிறந்தது.

முதலில் ஸ்டார் ட்ரெக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் இது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. சில நூற்றாண்டுகள் கழித்து, என்டர்பிரைஸ் என்ற விண்கப்பலில் மனிதர்கள் புது உலகங்களைத் தேடிப் போகிறார்கள். தலைவர் பெயர் கர்க். அவருக்கு அடுத்த நிலையில் ஸ்பாக். கூர்மையான காதுகள் கொண்டவர், பாதி மனிதர், பாதி வேற்றுக் கிரகவாசி. கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரி உஹூரா, ஆப்பிரிக்கப் பெண். கப்பலைச் செலுத்துபவர் சூலு, ஆசிய முகம். அடுத்த ஆண்டு செக்கோவ் என்ற ரஷ்ய இளைஞரும் சேர்ந்துகொண்டார். அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவிலேயே கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் இப்படி ஒரு கூட்டத்தை ஒரே கப்பலில் ஏற்றியதுதான் அந்தத் தொடரின் பெரிய துணிச்சல்.

உஹூராவாக நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். முதல் ஆண்டு முடிந்ததும் விலகிவிட நினைத்தாராம். மார்ட்டின் லூதர் கிங்தான் அவரைச் சந்தித்து, நீங்கள் அங்கே இருக்க வேண்டும் என்று சொல்லித் தடுத்தார். இதை அந்த அம்மையாரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2022-இல் அவர் காலமானார்.

இவ்வளவு பெருமையிருந்தும் தொடர் மூன்று பருவங்கள்தான் ஓடியது. மொத்தம் 79 பகுதிகள். பார்ப்பவர்கள் போதவில்லை என்று 1969-இல் நிறுத்திவிட்டார்கள். அடுத்து பெரிய திரைப்படம் வந்தது 1979 டிசம்பரில். அந்தப் படத்தில் மொட்டைத் தலையோடு நடித்த பெண் நம் நாட்டவர், 1965-இன் மிஸ் இந்தியா பெர்சிஸ் கம்பாட்டா என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

இடையில் பத்து ஆண்டுகள். அந்தப் பத்தாண்டும் இந்தக் கதை எப்படிச் சாகாமல் இருந்தது? இங்கேதான் படக்கதை வருகிறது.

பழைய பகுதிகளை உள்ளூர் தொலைக்காட்சி நிலையங்கள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அதனால் ரசிகர்கள் பெருகினார்கள் என்பது உண்மை. நடுவில் கொஞ்ச காலம் கார்ட்டூன் தொடர் ஒன்றும் வந்தது. சில நாவல்களும் வந்தன. ஆனால் 1967-இல் தொடங்கி 1979 வரைக்கும், தொடர் நின்ற பிறகும் நிற்காமல், புதுப்புதுக் கதைகளாக வந்துகொண்டே இருந்தது ‘கோல்ட் கீ’ என்ற பெயரில் வெஸ்டர்ன் பதிப்பகம் வெளியிட்ட படக்கதை இதழ். மொத்தம் 61 இதழ்கள். தொடக்கத்தில் விலை 12 சென்ட். சில்லறைக் காசை வைத்துக்கொண்டு கடைக்கு ஓடிய பிள்ளைகளுக்கு கர்க்கும் ஸ்பாக்கும் புதுப் பயணம் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

ஆனால் அந்த இதழ்களில் ஒரு வேடிக்கை இருந்தது.

படம் வரைந்தவர்கள் அமெரிக்காவில் இல்லை. இத்தாலியில் இருந்தார்கள். முதலில் வரைந்தவர் நெவியோ செக்காரா. அவருக்குப் பிறகு நீண்ட காலம் வரைந்தவர் ஆல்பெர்டோ ஜியோலிட்டி. ஜியோலிட்டி ரோமில் 1923-இல் பிறந்தவர். போருக்குப் பிறகு அர்ஜென்டினா போய், அங்கிருந்து அமெரிக்கா போய்ப் படக்கதை வரைந்து பேர் வாங்கி, பிறகு சொந்த நாட்டுக்கே திரும்பி ஓவியக்கூடம் வைத்து நடத்தியவர். கை தேர்ந்த ஓவியர். காடு வரைந்தால் இலைகள் அசையும், பாறை வரைந்தால் கை வைத்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் அவர் ஸ்டார் ட்ரெக் தொடரைப் பார்த்ததே இல்லை. அது அப்போது அவர் ஊரில் ஒளிபரப்பாகவில்லை. அமெரிக்காவில் எழுதிய கதையும், கூடவே சில விளம்பரப் புகைப்படங்களும் கடல் தாண்டி வரும். அதை வைத்துக்கொண்டு மீதியைத் தாமாக ஊகித்து வரைய வேண்டும்.

விளைவு என்ன? என்டர்பிரைஸ் கப்பலின் பின்புறம் இரண்டு நீண்ட குழல்கள் உண்டு. தொடரில் அவற்றிலிருந்து எதுவும் வெளியே வராது. அந்தக் கப்பல் ஓடுவது நாம் அறிந்த எரிபொருளால் அல்ல என்பது கதை. படக்கதையில் பார்த்தால் அந்தக் குழல்களிலிருந்து தீபாவளி ராக்கெட் மாதிரி நெருப்பு கக்கிக்கொண்டு கப்பல் பறக்கிறது! கப்பலின் பொறியாளர் ஸ்காட்டி, அவருக்குப் புகைப்படம் கிடைக்கவில்லை போலும், யாரோ ஒருவர் முகத்தோடு இருக்கிறார்.

படம் மட்டுமா, கதையும் அப்படித்தான். தொடரில் ஒரு முக்கியமான விதி உண்டு. போகிற இடத்தில் இருக்கும் உயிர்களின் வாழ்க்கையில் தலையிடக் கூடாது. படக்கதையின் முதல் இதழில் என்ன நடக்கிறது தெரியுமா? ஒரு கிரகம் முழுக்க ஆபத்தான தாவரங்கள். கதை முடிவில் ஸ்பாக் கப்பலில் இருந்தபடியே கதிரைப் பாய்ச்சி அந்தக் கிரகத்தின் பசுமையையே அழித்துவிடுகிறார். தொடரைப் பார்த்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனாலும் பிள்ளைகள் படித்தார்கள். அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள். போகப் போகத் தொடரை ரசித்துப் பார்த்த இளைஞர்களே எழுத வந்தார்கள். அவர்களில் ஒருவர் லென் வெய்ன். பின்னாளில் வுல்வரின் என்ற புகழ்பெற்ற பாத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பிழைகள் குறைந்தன. 1976-இல் அமெரிக்கா தன் முதல் விண்ணோடத்துக்கு வேறு பெயர் வைக்க இருந்தபோது, ரசிகர்கள் கடிதம் மேல் கடிதம் எழுதி அதற்கு ‘என்டர்பிரைஸ்’ என்று பெயர் வைக்கச் செய்தார்கள். தொடர் நின்று ஏழு ஆண்டுகள் கழித்து நடந்தது இது.

பிறகு உரிமை கை மாறிக்கொண்டே போனது. 1980-இல் மார்வெல் நிறுவனம் எடுத்து 18 இதழ்கள் போட்டது. 1984-இல் டி.சி. எடுத்தது. இன்னும் சில நிறுவனங்களைத் தாண்டி, 2007-இல் கலிபோர்னியாவின் ஐ.டி.டபிள்யூ. கைக்கு வந்தது. இதற்கிடையில் தொலைக்காட்சியிலும் புதுப்புதுத் தொடர்கள், புதிய கப்பல்கள், புதிய தலைமுறைகள். ஒரு குடும்பம் பெருகுவதுபோல.

2016-இல் இந்தக் குடும்பத்துக்கு ஐம்பது வயது. அதைக் கொண்டாட ஐ.டி.டபிள்யூ. வெளியிட்டதுதான் பேரன் விட்டுவிட்டுப் போன ‘வேபாயிண்ட்’. அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கி இரண்டு மாதங்களுக்கு ஒன்றாக ஆறு இதழ்கள் வந்து, பிறகு ஒரே நூலாயின. ஒரு கதாசிரியர், ஒரு ஓவியர் என்று இல்லாமல், இதழுக்கு இதழ் புதியவர்கள் வந்து சின்னச் சின்னக் கதைகள் சொல்கிறார்கள். நம் ஊரில் இதற்கு அழகான சொல் உண்டு: தொகை. புறநானூற்றில் அரசனும் பாடியிருக்கிறான், பெண்களும் பாடியிருக்கிறார்கள், பெயர் தெரியாதவர்களும் பாடியிருக்கிறார்கள். ஒரே பொருளைப் பலர் பாட, ஒன்றாகக் கட்டியது. அதுபோல இது ஒரு படக்கதைத் தொகை.

முதல் இதழில் டானி கேட்ஸ் எழுதி மேக் சேட்டர் வரைந்த கதை ஒன்று. ஜோர்டி என்ற பார்வையற்ற பொறியாளரும், டேட்டா என்ற இயந்திர மனிதரும் உயிர் நண்பர்கள். 2002-இல் வந்த படத்தில் டேட்டா இறந்துவிடுகிறார். இந்தக் கதையில் ஜோர்டி ஒரு கப்பலின் தலைவர். அவரோடு பணிபுரியும் குழுவினர் அத்தனை பேரும் டேட்டாவின் உருவங்கள். போன நண்பனை மறக்க முடியாதவன் கதை. என் வயதில் படித்தால் தொண்டை அடைக்கிறது. அதே இதழில் சாண்ட்ரா லான்ஸ் என்ற பெண் தாமே எழுதி, தாமே வரைந்த கதையில் உஹூராதான் நாயகி. தொடரில் பெரும்பாலும் காதில் கருவியை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவருக்கு, ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தனியாக ஒரு கதை.

எனக்குப் புரியாமல் போனது இரண்டாம் இதழில் வந்த கதை. தலைப்பை ‘மெக்கானிட்ரான்களின் அச்சுறுத்தல்’ என்று சொல்லலாம். மற்ற கதைகள் எல்லாம் நவீனமாக இருக்க, இது மட்டும் பழைய காலத்துப் பாணி. ஆச்சரியக்குறி போட்ட தலைப்பு, பழைய தோரணையில் பேச்சு, அந்தக் காலத்து அச்சு வாசனையே வருகிறது. எழுதியவர்கள் டேட்டன் வார்டும் கெவின் டில்மோரும். ஸ்டார் ட்ரெக் நாவல்கள் பல எழுதியவர்கள். வரைந்தவர் கோர்டன் பர்செல். டி.சி. காலத்திலிருந்தே இந்தக் கப்பலை வரைந்து வருபவர், அதன் ஒவ்வொரு பகுதியும் அவருக்கு மனப்பாடம். இப்படிப்பட்டவர்கள் ஏன் பழைய பாணியில் செய்தார்கள்?

பேரனிடம் கேட்டேன். “தாத்தா, அது கோல்ட் கீ காமிக்ஸ் மாதிரி வேணும்னே செஞ்சது. அந்தக் காலத்துல பார்க்காமலேயே தப்புத் தப்பா வரைஞ்சாங்க இல்ல, அவங்களுக்கு மரியாதை” என்றான்.

தப்பாக வரைந்தவர்களுக்கு மரியாதை!

போனை வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஐம்பதாவது ஆண்டு விழா. கேலி செய்ய நினைத்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம். அல்லது அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று மறைத்திருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. 2014 முதலே அந்தப் பழைய இதழ்களைத் தேடி எடுத்துத் தொகுதி தொகுதியாக மறுபதிப்புச் செய்தார்கள். பிறகு தங்கள் தொகையில் அதற்கும் ஓர் இருக்கை போட்டுக் கொடுத்தார்கள். தாங்கள் நிற்கும் தரை யார் போட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.

நம் ஏட்டுச்சுவடிகளும் அப்படித்தானே? பெயர்த்து எழுதியவர்களில் பலருக்குப் பாட்டின் பொருள் தெரியாது. எழுத்துகளை மாற்றினார்கள், சொற்களை விட்டார்கள். ஆனால் அவர்கள் எழுதாமல் இருந்திருந்தால் உ.வே.சா. கையில் கிடைக்க ஏடே இருந்திருக்காது. அவரும் அந்தப் பாடபேதங்களைத் தூக்கி எறியவில்லை. அடிக்குறிப்பில் இடம் கொடுத்து வைத்தார்.

இனி நான் சொல்ல வந்த செய்தி.

1984 ஏப்ரல் 3. ராகேஷ் சர்மா சோயுஸ் விண்கலத்தில் ஏறி விண்வெளி சென்ற நாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆசிரியர் பயிற்சி முடித்த சூடு. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்ற வேகம். வானொலியில் கேட்டதையும் செய்தித்தாளில் படித்ததையும் ஐந்தாம் வகுப்பில் சொல்லி, “ராக்கெட் படம் வரைந்து வாருங்கள்” என்றேன். எங்கள் ஊரில் அப்போது யார் வீட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. செய்தித்தாளும் டீக்கடைக்கு வரும் ஒன்றுதான்.

பெரும்பாலான பிள்ளைகள் ஒரு கூம்பை வரைந்து வந்தார்கள். ஒருவன் மட்டும் முழுத்தாளில் வரைந்து வந்தான். அவன் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அவன் ராக்கெட்டுக்குச் சக்கரம் இருந்தது. சன்னல் இருந்தது, சன்னலில் ஒரு முகம். சுற்றிலும் நட்சத்திரங்கள். பின்னால், அரிசி ஆலைப் புகைபோக்கி மாதிரி ஒரு குழாய். அதிலிருந்து பெரிய தீ. சிவப்புக் கலர் பென்சில் தீர்ந்துபோய், மீதித் தீயைச் செங்கல் துண்டால் தேய்த்திருந்தான்.

நான் அந்தத் தாளை வகுப்பில் தூக்கிக் காட்டினேன். “ஏன்டா, விண்வெளியில காத்தே கிடையாதுன்னு இப்பத்தானே சொன்னேன்? காத்து இல்லாத இடத்துல தீ எப்படிடா எரியும்? இதென்ன ராக்கெட்டா, ரைஸ் மில்லா?” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன், “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். தாளில் பெரிய பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு அந்த ஆண்டு முழுக்க அவன் எனக்குப் படம் எதுவும் வரைந்து தரவில்லை. கேட்டால், “வரலீங்க சார்” என்பான்.

சில ஆண்டுகள் கழித்து, மேல் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்க நேர்ந்தபோது முறையாகப் படித்தேன். அன்றுதான் எனக்கு உறைத்தது. ராக்கெட் தீ எரிய வெளிக்காற்று தேவையே இல்லை. எரிபொருளோடு ஆக்சிஜனையும் அது தன் வயிற்றிலேயே சுமந்து போகிறது. ராகேஷ் சர்மா போன ராக்கெட்டில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் இருந்தன. காற்றே இல்லாத உயரத்திலும் அது எரிந்து வாயுவைப் பின்னால் தள்ளும், ராக்கெட் முன்னால் போகும். நியூட்டனின் மூன்றாம் விதி. சக்கரம் இல்லை, அது சரி. ஆனால் தீ சரி. அவன் வரைந்தது சரி. பெருக்கல் குறி போட்ட நான்தான் தப்பு.

அவனை மறுபடி பார்த்துச் சொல்லியிருக்கலாம். அவன் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தான். ‘சின்ன விஷயம்தானே’ என்று நானும் விட்டுவிட்டேன். நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தப் புத்தகம் வந்து கிளறிவிட்டது.

ஜியோலிட்டி வரைந்த நெருப்பு உண்மையிலேயே பிழை. கதையின் விதிப்படி அந்தக் கப்பலில் நெருப்பு வரக் கூடாது. அந்தப் பிழைக்கே ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து மரியாதை செய்தார்கள். என் வகுப்புப் பிள்ளை வரைந்தது பிழையே இல்லை. அதற்குக் கிடைத்தது சிரிப்பு. இருவரும் செய்தது ஒன்றுதான். பார்க்காத ஒன்றை, கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு, முழு மனத்தோடு வரைந்தார்கள். ஜியோலிட்டிக்குக் கிடைத்தது நாலு புகைப்படம். இவனுக்குக் கிடைத்தது என் வாய்ச்சொல்லும் ஒரு ரைஸ் மில்லும்.

இன்னொரு செய்தியும் சொல்லி முடிக்கிறேன். 2022-இல் ஐ.டி.டபிள்யூ. ‘ஸ்டார் ட்ரெக் 400’ என்று இன்னொரு கொண்டாட்ட இதழ் போட்டது. அதுவும் பலர் எழுதிய தொகைதான். 1987-இல் தொடங்கிய தொடரில் வெஸ்லி என்ற சிறுவனாக நடித்தவர் வில் வீட்டன். அதிகப்பிரசங்கிப் பையன் என்று ரசிகர்களில் பலர் அந்தப் பாத்திரத்தை வெறுத்தார்கள். அந்த வெறுப்பு சின்ன வயதில் தன்னை எப்படிக் காயப்படுத்தியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த 400-ஆம் இதழில் வெஸ்லியின் கதையை எழுதியவர் அதே வில் வீட்டன். ஐம்பது வயதில், தன் பாத்திரத்தைத் தன் கையாலேயே.

எல்லோருக்கும் அப்படி ஒரு வாய்ப்பு அமைவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். 1984-இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு அவன் யார் என்று தெரியும். அன்றைக்குச் சிரித்ததும் நினைவிருக்கலாம். கருத்துப் பகுதியில் பெயரைப் போட வேண்டாம். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் இந்தப் பதிவை மட்டும் அவனுக்கு அனுப்பி வையுங்கள்.

தம்பி, ராக்கெட்டில் தீ வரும். நீ வரைந்தது சரி. அன்று சாருக்குத்தான் தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் சிரித்தேன், அதனால் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

இப்போது பள்ளிகளில் பாடம் நடத்தும் என் மாணவர்களுக்கும், வீட்டில் குழந்தைகள் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்றே ஒன்று. பிள்ளை எதையாவது விசித்திரமாக வரைந்து கொண்டுவந்தால், சிவப்பு மையை எடுப்பதற்கு முன்னால், “இது என்னப்பா, எப்படி வேலை செய்யும்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

பேரனின் புத்தகம் என் மேசை மேல் இருக்கிறது. அடுத்த விடுமுறைவரை திருப்பித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் சார்